தப்புச் சத்தம் ஓய்ந்த அரை மணி நேரம்

போன வருடத்துக்கு முந்திய வருடம் கார்த்திகை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், என் மகள் தர்ஷினி தன் மாமா மகளின் கையைக் கடித்துவிட்டாள். நாலு தையல் போட வேண்டியிருந்தது. அதற்கு முந்திய வாரம் அவள் தன் அம்மாவின் முடியைப் பிடித்து இழுத்துத் தலையைச் சுவரில் மோதினாள். தர்ஷினிக்கு அப்போது பதின்மூன்று வயது. ஐந்தாறு சொற்களுக்கு மேல் பேச்சு வராது. உடம்பில் பலம் மட்டும் என்னைவிட அதிகம்.

அன்று நான் அழுதேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று செத்துப்போகலாம் என்றும் நினைத்தேன்.

மாரியம்மாவின் பிள்ளைகளான உங்களுக்கு இதை எழுதுவது எனக்குச் சுலபமில்லை. நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்கிற ஆள் இல்லை. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. மாத்தளையிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வருகிற தோட்டம் எங்களுடையது. தோட்டத்தில் புல் வெட்டுகிற மெசின் பிடிக்கிறேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே இருக்கிற மாரியம்மன் கோயிலில் இருபத்தாறு வருடமாகத் தப்பு என்கிற பறை அடிக்கிறேன். திருவிழாவில் சாமிக்கு முன்னால் ஐந்து தப்பு போகும். முதல் தப்பு என்னுடையது.

கடிபட்ட பிள்ளையின் தகப்பன் என் மனைவி சரோஜாவின் கூடப்பிறந்த அண்ணன். எனக்கு மச்சான். எங்கள் கோயில் தலைவரும் அவர்தான். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து வாசல் இஸ்தோப்பிலேயே நின்றுகொண்டு பேசினார். உள்ளே வரவில்லை.

"மாப்ள, ஒங்கள அடிச்சா அது ஒங்க தலையெழுத்துன்னு விட்ரலாம். அடுத்த வீட்டுப் புள்ளையக் கடிச்சா நாங்க பாத்துக்கிட்டு இருக்கணுமா? இது பேய் புடிச்ச புள்ள. வீட்டுல வச்சிருக்கக் கூடாது."

"எங்கண்ணே கொண்டு போறது?" என்று சரோஜா கேட்டாள்.

"ஒரு ஹோம் இருக்கு. நான் பேசிட்டேன். கொஞ்சம் தூரந்தான். பெரிய கேட்டு, சுத்தி மதிலு."

"மதிலு ஒசரமா?"

"நல்ல ஒசரம்" என்றார் மச்சான், ஏதோ நல்ல செய்தி சொல்வது போல. "தைத் திருவிழா முடிஞ்ச மறுநாள் வேன் வரும். என்னா மாப்ள, சரிதானே?"

நான் தலையை ஆட்டினேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. என் பிள்ளையை மதிலுக்குள் அனுப்ப என் தலையே ஆடியது. சரோஜா அன்றைக்கு என்னோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை.

இங்கே ஒரு விஷயத்தை நான் மறைக்கக் கூடாது.

தர்ஷினிக்கு நாலு வயதானபோது கண்டியில் டொக்டர் ஒருவர் பார்த்து, இது ஓட்டிசம் என்று சொல்லியிருந்தார். இது வியாதியில்லை, இவளுடைய மூளை வேலை செய்கிற விதமே வேறு, கிளினிக்குக்கு ஒழுங்காகக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். நாங்கள் ஏழெட்டு முறை போனோம். பிறகு நின்றுவிட்டோம். ஏன் நின்றோம் தெரியுமா? அவளுக்கு ஏழு வயதானபோது திருவிழாவில் ஒன்று நடந்தது.

நாங்கள் ஐந்து பேரும் சாமி அழைக்கிற அடியை அடித்துக்கொண்டிருந்தோம். அந்த அடி மெதுவாகத் தொடங்கி, வேகம் ஏறி, கடைசியில் காது அடைத்துப் போகிற மாதிரி முழங்கும். சரோஜாவின் இடுப்பில் இருந்த தர்ஷினி துள்ளி இறங்கினாள். உடம்பெல்லாம் நடுங்கியது. தலையை ஆட்டினாள். கத்தினாள். கையை வீசினாள். முடி அவிழ்ந்து முகத்தில் விழுந்தது.

"அம்மா வந்துட்டா! புள்ள மேல அம்மா வந்துட்டா!" என்று பெண்கள் குலவையிட்டார்கள். மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். வேப்பிலையைக் கையில் கொடுத்தார்கள். வாய் பேசாத பிள்ளையிடம் வாக்குக் கேட்டார்கள். என் நெஞ்சு விம்மியது. ஊரெல்லாம் பாவப்பட்ட என் பிள்ளையை அம்மாவே தேடி வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவளுக்கு நேராகப் போய் நின்று, இன்னும் ஓங்கி அடித்தேன்.

ஆறு வருடம் அப்படியே நடந்தது. வருடத்துக்கு ஒரு முறை அம்மா வந்தால் போதாது என்று நினைத்தேன். அடிக்கடி வந்தால் பிள்ளை குணமாகிவிடும் என்று நம்பி, செவ்வாய் வெள்ளிகளில் எங்கள் காம்பிராவுக்குள்ளேயே அவளை உட்கார வைத்து அடித்தேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை அது. மேலே தகரம். அவள் நடுங்கினாள், அலறினாள். நான் கும்பிட்டேன். தப்பை ஓரமாக வைத்த பிறகு அவள் தன் அம்மாவை அடித்தாள். அது வேறு, இது வேறு என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அந்தக் கார்த்திகைக்குச் சில மாதம் முந்தி அவள் பெரியபிள்ளை ஆனாள். சடங்குக்கு நானே தப்பு அடித்தேன். பாயில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்து ஆலாத்தித் தட்டைப் பிடுங்கி வீசினாள். இரண்டு பெண்களைக் கீழே தள்ளினாள். அன்றிலிருந்து யாரும் அம்மா என்று சொல்லவில்லை. பேய் என்றார்கள். சின்னப் பிள்ளையாக இருந்து நடுங்கியபோது அம்மா. அதே பிள்ளை வளர்ந்து திருப்பித் தள்ளியபோது பேய். இதை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மார்கழி முழுக்க நான் கோயிலுக்குப் போய் மூலையில் நின்றேன். அம்மாவிடம் பேசக்கூட எனக்குக் கூச்சந்தான். மார்கழி கடைசி வெள்ளிக்கிழமை, கோயிலில் யாரும் இல்லாத நேரத்தில், முதல் தடவையாக வாய் விட்டுப் பேசினேன். அது கும்பிட்டது அல்ல, சண்டை பிடித்தது.

"இத்தனை வருசமா புள்ளையக் குணமாக்குன்னு கேட்டேன். நீ செய்யல. இனி கேக்க மாட்டேன். அவ ஏன் அடிக்கிறான்னு மட்டும் எனக்குக் காட்டு. திருவிழாவுக்கு முந்தி காட்டு. காட்டாம என் புள்ளைய வேன்ல ஏத்துனீன்னா, சத்தியமா சொல்றேன், அப்புறம் ஒனக்குத் தப்பு அடிக்க என் கை வராது."

இப்படிப் பேசலாமா என்று சிலர் நினைப்பீர்கள். எனக்கு வேறு அம்மா இல்லை. பெற்றவளிடம் கோபிக்காமல் வேறு யாரிடம் கோபிப்பது?

திருவிழா நாள் வரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் காலை வேன். சரோஜா தர்ஷினியின் உடுப்புகளை ஒரு பேக்கில் மடித்து வைத்திருந்தாள். திருவிழாவுக்குப் பிள்ளையைக் கொண்டு வரக் கூடாது என்று தலைவர் கட்டளை. அதனால் சரோஜா அவளோடு லயத்திலேயே இருந்தாள்.

பகல் பன்னிரண்டு மணிக்கு ஆற்றிலிருந்து கரகம் புறப்பட்டது. நாங்கள் ஐந்து பேரும் முன்னால் அடித்துக்கொண்டு வந்தோம். கோயில் வாசலுக்கு வரும்போது மழை பிடித்தது. இடி இல்லை, காற்று இல்லை. கனத்த மழை, அவ்வளவுதான். ஸ்பீக்கர் கட்டியிருந்தவர் பயந்துபோய்க் கரண்டை நிறுத்தினார். நாங்கள் கொட்டகைக்குள் ஓடுவதற்குள் தப்பெல்லாம் நனைந்துவிட்டது. தோல் நனைந்தால் தொய்ந்துவிடும். நெருப்பில் காய்ச்சினால்தான் மறுபடி சத்தம் வரும். வைத்திருந்த வைக்கோலும் ஈரம். அடித்துப் பார்த்தோம். நனைந்த சாக்கில் அடித்த மாதிரி இருந்தது.

"போச்சு, இன்னைக்கு நம்ம மானம் போச்சு" என்றான் எனக்கு அடுத்த தப்பு அடிக்கிற செல்வராஜ். "ஊமைத் திருவிழாதான் போ."

கூட்டம் மழைக்கு ஒதுங்கி நின்றது. பூசாரி ஐயா மணியைக் கீழே வைத்துவிட்டுக் கரகத்துக்குக் குடை பிடித்தார். மழைச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை.

அப்போது தர்ஷினி வந்தாள்.

லயத்திலிருந்து இறங்குகிற படியில் தனியாக வந்துகொண்டிருந்தாள். ஓடவில்லை. சரோஜா பின்னால் பதறிக்கொண்டு வந்தாள். தர்ஷினியைக் கண்டதும் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கினார்கள். "புடிங்க அவள!" என்று மச்சான் கத்தினார். யாருக்கும் பிடிக்கத் தைரியம் வரவில்லை.

அவள் நேரே மாரியம்மாவின் முன்னால் போய் நின்றாள். தூணில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். மெதுவாக ஏதோ முனகினாள். பாட்டுப் போல இருந்தது. கை அடங்கியிருந்தது. யாரையும் தொடவில்லை. பத்து நிமிடம், கால் மணி நேரம், அரை மணி நேரம் ஆனது. ஆறு வருடமாக அந்த வாசலில் அலறியதைத் தவிர வேறு எதையும் நாங்கள் அவளிடம் பார்த்ததில்லை. அன்று என் பிள்ளை எல்லோரையும் போல நின்று அம்மாவைப் பார்த்தாள்.

மழை விட்டது. செல்வராஜ் அப்போதுதான் மூட்டிய பொங்கல் அடுப்பு நெருப்பில் தன் தப்பைக் காய்ச்சிக்கொண்டு வந்தான். பதம் பார்க்க ஒரே ஒரு அடி அடித்தான்.

அந்த ஒரு அடிக்கு அவள் முகம் மாறியதை நான் கண்ணால் கண்டேன். நெருப்புப் பட்ட மாதிரி இருந்தது. இரண்டு கையாலும் காதைப் பொத்தினாள். பல்லைக் கடித்தாள். பிறகு தன் கையையே கடித்தாள். இருபத்தாறு வருடமாக நான் அடி தொடங்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறவன். அதனால் முதல் அடி விழுகிற நொடியில் அவள் முகத்தை இதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. அது அம்மா வந்த முகமும் இல்லை, பேய் பிடித்த முகமும் இல்லை. வலி தாங்காத முகம்.

கேட்டதற்கு அம்மா பதில் சொல்லிவிட்டாள். வாய் திறந்து சொல்லவில்லை, என் தப்பின் வாயை மூடிக் காட்டினாள்.

செல்வராஜ் இரண்டாவது அடிக்குக் கையை ஓங்கினான். பாய்ந்து அவன் குச்சியைப் பிடித்தேன்.

"அடிக்காத! ஒருத்தரும் அடிக்காதீங்க!"

அது என் குரல்தான். எனக்கே அடையாளம் தெரியவில்லை.

மச்சான் வந்தார். "என்னா மாப்ள, குடிச்சிருக்கியா? சாமி நடுவழியில நிக்குது."

"நிக்கட்டும். எம் புள்ள வெளிய போன பொறகு அடிப்போம்."

"ஒம் புள்ளைக்காக அம்மா காத்துக்கிட்டு நிக்கணுமா?"

"இம்புட்டு நேரம் அம்மாதானே எல்லாரையும் நிப்பாட்டி வச்சிருந்தா? நீங்களா நிப்பாட்டுனீங்க? சத்தம் இல்லாதப்ப எம் புள்ள யாரையாவது அடிச்சாளா மச்சான்? ஒருத்தர் சொல்லுங்க. யாரையாவது அடிச்சாளா?"

செல்வராஜ் தன் தப்பைத் தோளிலிருந்து கழற்றிக் கீழே வைத்தான்.

"நாளைக்கு வேன் வருது, ஞாபகம் இருக்கா?" என்றார் மச்சான்.

"திருப்பி அனுப்புங்க. நீங்கதானே பேசுனீங்க, நீங்களே சொல்லிருங்க. எம் புள்ளைக்கு மதிலு வேணாம்."

பின்னால் யாரோ ஒரு பெண், "அட, இந்த மனுசனுக்குப் பேச்சு வருமா?" என்றாள். சிலர் சிரித்தார்கள். நான் குச்சியை விடவில்லை. சரோஜா தர்ஷினியைக் கூட்டிக்கொண்டு லயத்துக்குப் போய்க் கதவைச் சாத்தும் வரைக்கும் எங்கள் கோயிலில் ஒரு தப்புக்கூட முழங்கவில்லை.

அடுத்த வாரமே மறுபடி கண்டிக் கிளினிக்குக்குப் போனோம். அங்கே இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பழக்குகிற ஒரு மிஸ் இருந்தார். சிங்களப் பெண். தமிழ் ஓரளவு பேசினார். என்னைத் "தாத்தா, தாத்தா" என்றே கூப்பிட்டார். சிங்களத்தில் அப்பாவுக்கு அதுதான் சொல். ஆனாலும் சரோஜா ஒவ்வொரு முறையும் என் நரைத்த தலையைப் பார்த்துச் சிரித்தாள். கார்த்திகைக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

நடந்ததையெல்லாம் சொன்னேன். காம்பிராவுக்குள் தப்பு அடித்ததையும் மறைக்காமல் சொன்னேன். மிஸ் திட்டவில்லை.

"தாத்தா, மகளுக்குச் சத்தம் வலிக்குது. சொல்லத் தெரியாது. அதனால கை பேசுது. கை பேசுறதுக்கு முந்தி என்னா நடந்துச்சுன்னு நீங்க எழுதுங்க."

ஒரு கொப்பி எடுத்து எழுதத் தொடங்கினோம். எந்த நேரம் அடித்தாள், அதற்கு முன்னால் என்ன நடந்தது, அதன் பிறகு நாங்கள் என்ன செய்தோம் என்று எழுதினோம். ஒரு மாதத்தில் கொப்பி எங்களுக்குப் பாடம் சொன்னது. குக்கர் விசில் அடித்தால் அடிக்கிறாள். பின்னால் வந்து திடீரென்று தொட்டால் அடிக்கிறாள். சொல்லாமல் வெளியே இழுத்துப் போனால் கடிக்கிறாள். பசித்தால் தள்ளுகிறாள். மாமா மகளைக் கடித்த நாளையும் யோசித்துப் பார்த்தோம். அன்று அந்தப் பிள்ளை விளையாட்டாகப் பின்னால் வந்து அவள் காதில் ஊதுகுழல் ஊதியிருந்தது. அதைப் பற்றி யாரும் விசாரிக்கவே இல்லை.

குக்கரை நிறுத்திவிட்டுச் சட்டியில் சமைத்தோம். அடுத்து என்ன நடக்கப் போகிறது என்று காட்டப் படங்களை வெட்டிச் சுவரில் ஒட்டினோம். குளிப்பு, சாப்பாடு, பஸ். படத்தைக் காட்டிவிட்டுத்தான் கையைப் பிடிப்போம். அவளுக்குக் கோபம் ஏறும்போது நாங்கள் குரலை இறக்குவோம். அடிக்கவோ அமுக்கிப் பிடிக்கவோ மாட்டோம். பக்கத்தில் இருக்கிற பொருட்களை எடுத்துவிட்டு, ஒரு கை தூரம் விலகி நிற்போம். மூலையில் பாய் போட்டு அவளுக்கென்று ஓர் இடம் வைத்தோம். கனம் தூக்கினால் அவள் உடம்பு அடங்குகிறது என்று கண்டுபிடித்து, காலையில் விறகு தூக்க விட்டோம். நல்லபடி இருந்த நேரத்தில் கவனித்துப் பாராட்டச் சொன்னார் மிஸ். எனக்கு அது சரியாக வரவில்லை. கை தட்டினேன், அதற்கும் காதைப் பொத்தினாள். இப்போது கட்டை விரலை மட்டும் காட்டுகிறேன்.

இன்னொன்று. புல் மெசின் பிடிக்கிறவர்களுக்குத் தோட்டத்தில் காது மூடி தருவார்கள். பல வருடமாகத் தினமும் அதை மாட்டிக்கொண்டு வேலை செய்தவன் நான். என் காது நோகும் என்று தோட்ட நிர்வாகம் பார்க்கிற துரைக்குத் தெரிந்திருந்தது. என் பிள்ளையின் காது நோகும் என்று எனக்குத் தெரியவில்லை. பழைய மூடி ஒன்றைக் கழுவித் துடைத்து அவளுக்கு மாட்டினேன். முதல் நாள் பிடுங்கி எறிந்தாள். எட்டாம் நாள் அவளே எடுத்துக்கொண்டு வந்து என் கையில் தந்தாள், மாட்டிவிடச் சொல்லி.

அவள் குணமாகிவிட்டாளா என்று கேட்பீர்கள். கோயிலுக்கு வருகிற எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். இல்லை. ஓட்டிசம் அப்படியே இருக்கிறது. இருக்கட்டும். போன மாதமும் பஸ் பிந்திய நாளில் என் கன்னத்தில் ஒன்று விட்டாள். ஆனால் முன்னே ஒரு நாளைக்கு ஆறேழு தடவை நடந்தது, இப்போது மாதத்தில் இரண்டு மூன்று தடவை. சரோஜாவின் கையில் இருந்த காயமெல்லாம் ஆறிவிட்டது. நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். இதற்கு மேல் வேறு அற்புதம் எனக்குக் காட்டத் தேவையில்லை.

நான் தப்பை விடவில்லை. இந்த வருடம் கோயில் கூட்டத்தில் எழுந்து நின்று ஒன்று கேட்டேன். திருவிழா நாளில் கரகம் வந்து இறங்கியதும் அரை மணி நேரம் தப்பும் மணியும் ஸ்பீக்கரும் ஓய்ந்திருக்க வேண்டும், சத்தம் தாங்காத பிள்ளைகள் அந்த நேரத்தில் அம்மாவைப் பார்க்கட்டும் என்றேன்.

"வழக்கத்த மாத்துறியா?" என்றார் மச்சான்.

"மாத்துனது நான் இல்ல மச்சான். போன வருசம் அம்மா மாத்துனா. நீங்க வேணும்னா அவகிட்டயே கேளுங்க."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் பூசாரி ஐயா, மழையை நானும் பார்த்தேன் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். மச்சான் இன்றைக்கும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பரவாயில்லை.

தைத் திருவிழாவில் அந்த அரை மணி நேரம் நடந்தது. தர்ஷினியோடு இன்னும் மூன்று பிள்ளைகள் வந்தார்கள். நாவுலப் பக்கமிருந்து ஒரு தாய் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஒன்பது வருடத்தில் கோயிலுக்கு வருவது இதுதான் முதல் தடவை என்றாள். இத்தனை நாள் பிள்ளையை அறைக்குள் வைத்துப் பூட்டியிருந்தாளாம். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் ஒரு நாள் தலையை ஆட்டியவன்தான் என்று அவளிடம் சொன்னேன்.

எங்கள் மாதிரிப் பிள்ளை வைத்திருக்கிறவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதினேன். பேய் என்று சொல்ல யாரையும் விடாதீர்கள். சொந்த அண்ணனாக இருந்தாலும் விடாதீர்கள். கிளினிக்கை விடாதீர்கள். நான் விட்டதால் ஆறு வருடம் போனது, அந்த வருடங்களை என் பிள்ளைக்கு யாரும் திருப்பித் தரப் போவதில்லை. அம்மாவிடம் போங்கள். அழகாகக் கேட்கத் தெரியாவிட்டால் சண்டை பிடியுங்கள், அவள் கோபிக்க மாட்டாள். ஆனால் பிள்ளையை மாற்று என்று கேட்காதீர்கள். பிள்ளையைப் புரிய வை என்று கேளுங்கள். எனக்குக் காட்டினாள், உங்களுக்கும் காட்டுவாள்.

வருகிற தை மாதம் உங்கள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். வாசலில் யாராவது தடுத்தால் முதல் தப்புக்காரன் எங்கே என்று கேளுங்கள். அந்த அரை மணி நேரம் எனக்கு வேலை இல்லை. வாசலில்தான் நிற்பேன்.